திரையை இறக்கிய கை

தொழில் மதிப்பீட்டாளரைக் குறுக்கு விசாரணை செய்யப் போகும்போது, அவரை எதிரி என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் நுழையாதீர்கள். இதைச் சொன்னால் புதிதாக வந்திருக்கும் இளம் வழக்கறிஞர்களான உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். நம் கட்சிக்காரரின் இழப்பீட்டை நிறுத்தக் காரணமாக இருந்த அறிக்கையை எழுதியவர் அவர். அவர் எதிரி இல்லையென்றால் வேறு யார் என்று கேட்பீர்கள். பதிலாக எஸ்தரின் வழக்கைச் சொல்கிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் இன்னும் என்னை விட்டுப் போகாத வழக்கு அது.

நம் துறைக்கு இப்போதுதான் வருகிறவர்களுக்காக ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விபத்தில் காயப்பட்டு வேலைக்குப் போக முடியாதவருக்கு இந்த நாட்டில் அரசின் இழப்பீட்டு அமைப்பிலிருந்து வாரந்தோறும் இழப்பீடு வருகிறது. கொஞ்ச காலம் கழித்து, பழைய வேலை முடியாவிட்டாலும் வேறு வேலை செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். எந்தெந்த வேலைக்கு இவரிடம் படிப்பும் அனுபவமும் இருக்கின்றன என்று சொல்பவர் தொழில் மதிப்பீட்டாளர். அந்த வேலைகளை வாரத்துக்கு முப்பது மணி நேரமாவது செய்ய உடம்பு இடம்கொடுக்குமா என்று சொல்பவர் மருத்துவர். இருவரும் முடியும் என்றால் இழப்பீடு நின்றுவிடும். வேலை கிடைத்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். செய்ய முடியும் என்பதே போதும்.

எஸ்தர் மலேசியாவிலிருந்து வந்தவர். ஈப்போவில் பிறந்து, கணவர் சாமுவேலோடு இங்கே குடியேறி, பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் வீடு வாங்கியிருந்தார். சாமுவேலுக்குப் பென்ரோஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. எஸ்தர் பாட்டனி டவுன்ஸில் ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடையில் வாடிக்கையாளர் பிரிவையே நடத்திக்கொண்டிருந்தார். கோபத்தோடு உள்ளே வருகிற ஆளைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஒரு மாலை வீடு திரும்பும் வழியில், மோட்டார்வேயில் நின்றுகொண்டிருந்த அவருடைய காரின் பின்னால் ஒரு வேன் வந்து மோதியது. எலும்பு எதுவும் முறியவில்லை. தலைக்குள் ஏதோ முறிந்திருந்தது.

முதல் ஒரு மணி நேரம் அவரைப் பார்க்கிற யாருக்கும் எதுவும் தெரியாது. அழகாகப் பேசுவார், நம் வீட்டார் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். அதற்குப் பிறகு வெளிச்சம் ஊசியாகக் குத்த ஆரம்பிக்கும். பேச்சுக் குரல்கள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிவிடும். குடையைக் கதவு என்பார், கதவை என்னவென்றே சொல்லத் தெரியாமல் கையைக் காட்டுவார். கடைசியில் கண்களைத் திறந்தபடியே, ஆள் இல்லாத வீடு மாதிரி உட்கார்ந்துவிடுவார். இருட்டறையில் படுக்க வைத்தால் மெல்ல மெல்லத் திரும்பி வருவார்.

தொழில் மதிப்பீட்டாளரின் அறிக்கையில் மூன்று வேலைகள் எழுதப்பட்டிருந்தன. கடை மேற்பார்வையாளர், வரவேற்பாளர், தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவர். மருத்துவரும் சரி என்று சொல்லியிருந்தார். இழப்பீட்டை நிறுத்தும் முடிவு வந்தது. அதை எதிர்த்து நாங்கள் மறுஆய்வு கேட்டோம். வழக்கமாக மதிப்பீட்டாளர்கள் நேரில் வருவதில்லை, அறிக்கைதான் பேசும். நாங்கள் கேட்டுக்கொண்டதால் இந்த மதிப்பீட்டாளர் வர ஒப்புக்கொண்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் எங்கள் அலுவலகத்தின் மூத்த வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர், தலையில் காயப்பட்டவர்களுக்காக எத்தனையோ வழக்குகள் நடத்தியவர்.

"நாளைக்கு இடைவேளை கேட்காதே. உன் கட்சிக்காரர் மேஜையிலேயே உட்கார்ந்திருக்கட்டும். நீ மதிப்பீட்டாளரிடம் அவசரப்படாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இரு. கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு நீ பேசவே வேண்டியிருக்காது" என்றார்.

"அவர் எல்லார் முன்னாலும் உடைந்து போவார்" என்றேன்.

"ஆமாம். உடைவதைப் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதே. ஒருமுறை அப்படிப் பார்க்க விடாமல் வழக்கில் தோற்றவன் நான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அன்று மாலையே பிளாக்ஹவுஸ் பேக்குப் போனேன். இதைக் கட்சிக்காரரிடம் மறைத்துச் செய்யக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. திரை போட்ட முன்னறையில் எஸ்தர் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"வாங்க அக்கா, தண்ணி கலக்கவா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அவர்கள் ஊரில் தேநீர் போடுவதை அப்படித்தான் சொல்வார்கள்.

"வேண்டாம் எஸ்தர், இருங்கோ. ஒரு விசயம் கதைக்கவேணும்" என்று தொடங்கி, மூத்த வழக்கறிஞர் சொன்னதை அப்படியே சொன்னேன். அதனால் வழக்குக்குக் கிடைக்கக்கூடிய பலத்தையும் மறைக்கவில்லை.

எஸ்தர் பதிலுக்குக் கோயிலில் நடந்ததைச் சொன்னார். மலேசியாவில் கிறிஸ்தவர்கள் சிலர் தேவாலயத்தையும் கோயில் என்பார்கள். விபத்துக்குப் பிறகு ஒருநாள், முடியும் என்று நம்பி வேதவாசகம் வாசிக்கப் போயிருக்கிறார். பாதியில் எழுத்துக்கள் ஓடிவிட்டன. வாயில் வந்த சொல் வேறு ஏதோ. முன்வரிசையில் இருந்த சிறுபிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்க சிரிச்சது எனக்கு ஒண்ணும் இல்ல அக்கா. பெரியவங்க பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை. அதுக்கப்புறம் என்கிட்ட யாரும் வேகமா பேசுறது இல்ல. பச்சப் பிள்ளைக்கு சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி சொல்றாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "என்னை எது வேணும்னாலும் கேளுங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். ஆனா நான் அப்படி ஆகுறத அவங்க பார்க்க வேணாம்."

"ஓம்" என்றேன். "நீங்கள் வேண்டாம் எண்டால் வேண்டாம்."

சாமுவேல் என்னைக் கார் வரைக்கும் வழியனுப்ப வந்தார். நல்ல உயரமான மனிதர், அன்று தோள் இரண்டும் தொங்கிப் போயிருந்தன.

"அக்கா, அவ சொல்றத கேக்காதீங்க. அவங்க பார்க்கட்டும். நான் தினமும் பார்க்குறத ஒரே ஒரு நாள் அவங்களும் பார்க்கட்டும். வீட்டு மார்ட்கேஜ் கடன் கட்ட என் சம்பளம் மட்டும் பத்தாது. வீடு போய்ட்டா இவள எந்த இருட்டுல கொண்டுபோய் படுக்க வைப்பேன்?"

"நாளைக்குப் பாப்பம் சாமுவேல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நகர மையத்தில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த கூட்ட அறையில் விசாரணை. நீண்ட மேஜை, கூரை முழுக்க வெள்ளை விளக்குகள், துறைமுகப் பக்கம் பார்த்த அகலமான ஜன்னல். மதிய உணவுக்குப் பிறகுதான் நேரம் கிடைத்திருந்தது. எஸ்தரைக் காலையிலிருந்து இருட்டில் படுக்க வைத்துக் கூட்டி வந்ததாகச் சாமுவேல் சொன்னார். மேஜையின் ஒரு முனையில் முடிவு சொல்லப்போகும் மறுஆய்வாளர், மென்மையாகப் பேசுகிற வயதான மனிதர். ஒரு பக்கம் இழப்பீட்டு அமைப்பின் வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும். எதிர்ப்பக்கம் நாங்கள் மூவர். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நினைவில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்.

எஸ்தர் முதலில் பேசினார். அவ்வளவு நன்றாகப் பேசினார். விபத்தைச் சொன்னார், வீட்டில் எப்படி நாள் போகிறது என்று சொன்னார். கடையைப் பற்றிக் கேட்டபோது முகமே மாறிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்து, கடைசியில் இன்னொரு கட்டிலையும் வாங்கிக்கொண்டு போன கதையைச் சொன்னார். மறுஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். எஸ்தர் சொன்ன ஒவ்வொரு நல்ல வாக்கியமும் எங்கள் வழக்கிலிருந்து ஒரு கல்லை உருவிக்கொண்டிருந்தது.

பிறகு மதிப்பீட்டாளர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி, நிதானமானவர். அவர் தரப்பு வழக்கறிஞர் கேட்டதற்கு இப்படிச் சொன்னார்:

"சற்று முன் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்களே, நான் சந்தித்ததும் இதே பெண்மணியைத்தான். தெளிவானவர், அன்பானவர், மனிதர்களோடு பழகத் தெரிந்தவர். நான் குறிப்பிட்ட மூன்று வேலைகளுக்கும் அவருடைய அனுபவம் பொருந்துகிறது."

நான் என் கேள்விகளைத் தொடங்கினேன். அந்த வேலைகளில் எவ்வளவு நேரம் கணினித் திரையைப் பார்க்க வேண்டும், ஒரே சமயத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். ஒவ்வொரு பதிலும் நியாயமாக இருந்தது. அவரிடம் ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

அப்போது பக்கவாட்டில் பார்த்தேன். எஸ்தரின் கட்டைவிரல் மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. விளக்கைப் பார்க்காமலிருக்கத் தலையைத் தாழ்த்தியிருந்தார். அவருக்கு அந்தப் பக்கமிருந்து சாமுவேல் என்னையே பார்த்தார். 'நடக்க விடுங்கள்' என்று அந்தப் பார்வை சொன்னது. என் கையில் இன்னும் நிறையக் கேள்விகள் இருந்தன. எல்லாவற்றையும் மெதுவாகக் கேட்டாலே போதும், எங்கள் அலுவலகத்து மூத்தவர் சொன்னது நடந்துவிடும்.

மறுஆய்வாளரும் ஏதோ கவனித்திருக்க வேண்டும். "சிறிது இடைவேளை எடுப்போமா, அல்லது முடித்துவிடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"அதிகம் மிச்சமில்லை, முடித்துவிடலாமே" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

எஸ்தர் என் பக்கம் திரும்பினார். சொல்வதற்கு அவரிடம் சொல் இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது.

இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது, பிள்ளைகளே. தோற்றால் அந்த வீடு என்ன ஆகும் என்று தெரியும். கட்சிக்காரரின் நலனுக்காகத்தான் செய்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ள வழியும் இருந்தது. ஆனால் வேண்டாம் என்று ஒருவர் தெளிவாக இருந்த வேளையில் சொன்னதை, அவர் சொல்ல முடியாமல் இருக்கிற வேளையில் மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"இடைவேளை வேண்டும்" என்றேன்.

சாமுவேல் என்னைப் பார்க்காமல் எழுந்து எஸ்தரின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த அவர்கள் காரின் பின்சீட்டில் படுக்க வைத்து, கண்ணாடிகளில் துண்டைப் போட்டிருக்கிறார். நான் அறையிலேயே இருந்தேன். மதிப்பீட்டாளர் விசாரணையின் நடுவில் இருக்கும் சாட்சி. அவரோடு நான் பேசக்கூடாது. ஆளுக்கொரு மூலையில் தண்ணீர் குடித்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்வாரத்தில் அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அப்போது மதிப்பீட்டாளர் எழுந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை இறக்கினார். எஸ்தரின் நாற்காலியை விளக்குக்கு நேரே இல்லாதபடி கொஞ்சம் திருப்பி வைத்தார். பிறகு தன் இடத்தில் வந்து உட்கார்ந்து காகிதங்களைச் சரிசெய்துகொண்டார். வீட்டில் அன்றாடம் செய்கிற வேலையைச் செய்வது போல அந்தக் கை அதைச் செய்தது. அந்தக் கைக்கு அது பழக்கமான வேலை என்று எனக்குப் பட்டது.

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல விதி. நூற்றுக்குத் தொண்ணூறு சமயம் அதைக் கைவிடாதீர்கள். அன்று நான் கைவிட்டேன். எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கவிழ்த்து வைத்தேன்.

"சற்று முன் நீங்கள் எழுந்துபோய் ஜன்னல் திரையை இறக்கினீர்கள். ஏன் என்று சொல்ல முடியுமா?"

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கிட்டார். "அறிக்கைக்கும் ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம்?"

"பதில் சொல்லட்டும்" என்றார் மறுஆய்வாளர்.

மதிப்பீட்டாளர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அவருக்கு வெளிச்சம் ஆகாது."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அறைக்கு வந்திருந்தபோதும் இறக்கினேன்."

"உங்கள் நேர்காணல் ஒரே அமர்வில் முடிந்ததா?"

"இல்லை." அவர் குரல் மெதுவானது. "நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. அவருக்கு வார்த்தைகள் வரவில்லை. பக்கத்து அறையில் விளக்கை அணைத்துப் படுக்க வைத்தேன். மிச்சத்தை இன்னொரு காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். அன்றும் இடையில் ஓய்வு தேவைப்பட்டது. கடைசிச் சில கேள்விகளுக்கு அவருடைய கணவர் தொலைபேசியில் பதில் சொன்னார்."

இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. எஸ்தருக்கு அந்த நாட்கள் சரியாக நினைவில்லை. சாமுவேலுக்கு அது சொல்ல வேண்டிய விசயமாகவே தோன்றவில்லை. அவருடைய வாழ்க்கையில் எல்லா நாட்களும் அப்படித்தான்.

"இதெல்லாம் அறிக்கையில் இருக்கிறதா?"

"இல்லை."

"ஏன் எழுதவில்லை?"

இந்தக் கேள்வியையும் குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கக்கூடாது என்று என்னை அடக்கிக்கொண்டேன். அவர் உண்மையிலேயே யோசித்தார்.

"அது மரியாதை என்று நினைத்தேன். என்னிடம் வந்த ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தேன் என்று அறிக்கையில் எழுதமாட்டேன், இல்லையா? அவரால் மிக நன்றாக எதைச் செய்ய முடியும் என்று காட்டத்தான் விரும்பினேன்."

"நீங்கள் எழுதிய வேலைகளில் தொலைபேசி வேலை ஒன்று. அங்கே திரையை யார் இறக்குவார்கள்?"

அவர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரும் இறக்கமாட்டார்கள்" என்றார் மதிப்பீட்டாளர். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "மருத்துவர் என் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் முடிவு சொல்லியிருப்பார். இது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இதை நான் எழுதியிருக்க வேண்டும்."

என்னிடம் இன்னும் கேள்விகள் இருந்தன. வேறு அறிக்கைகளில் என்னென்ன விட்டுவிட்டீர்கள் என்று கேட்டு அவரை அந்த அறையிலேயே சின்னாபின்னமாக்கியிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்த சாட்சியை மேலும் நெருக்கினால் கொடுத்ததையும் விளக்கம் சொல்லிச் சுருக்கிவிடுவார். அது தொழில் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. திரையை இறக்கியதற்காக ஒருவரைத் தண்டித்தால், அடுத்த முறை அவர் அறைக்குப் போகிறவருக்கு அந்தத் திரை இறங்காது.

மறுஆய்வாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இன்று எஸ்தர் எவ்வளவு நேரம் பேசினார், எதற்காக இடைவேளை எடுத்தோம், திரும்பி வந்தபோது அறையில் என்னென்ன மாற்றினோம், இவற்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கடைசியாக எஸ்தர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் போகட்டும் என்றேன். சரி என்றார்.

லிஃப்டுக்குள் போனதும் எஸ்தரின் தலை சாமுவேலின் தோளில் சரிந்தது. கீழே அவரைக் காரில் ஏற்றிவிட்டு சாமுவேல் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணால பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும் அக்கா. இப்போ அவங்க மனசு எப்படி இருக்கோ, யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியாது" என்றேன். அவர் காடியை எடுக்கணும் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். காரை அவர்கள் காடி என்பார்கள். முடிவு வரும் வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. அந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கவும் இல்லை.

முடிவு எங்கள் பக்கம் வந்தது. இழப்பீட்டை நிறுத்தியது செல்லாது என்று மறுஆய்வாளர் எழுதியிருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் கை கொடுத்தார்கள். மூத்த வழக்கறிஞர் முடிவை முழுதும் படித்தார். "நான் சொன்ன வழியில் போயிருந்தாலும் இது கிடைத்திருக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் அதன் பிறகு எஸ்தரின் முகத்தை என்னால் பார்க்க முடிந்திருக்காது" என்றும் சொன்னார்.

நல்ல செய்தியைத் தொலைபேசியில் சொல்லி முடித்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். மறுமுனையில் ஒருவர் சந்தோஷமாகக் கத்துவதைக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. நேரில் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சாமுவேல் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எஸ்தர் சோபாவில் இருந்தார், காலை வேளை, தெளிவாக இருந்தார்.

"வாசிச்சுக் காட்டுங்க அக்கா. எனக்கு எழுத்து ஓடும்" என்றார்.

தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். அவருடைய நேர்மையைப் புகழ்ந்த பகுதி வந்தது. மதிப்பீட்டாளர் சொன்னவை வந்தன. அதன் பிறகு, இந்த மூன்று வேலைகளில் எதையும், இப்போதோ கண்ணுக்கெட்டிய காலத்திலோ, இவர் தொடர்ந்து செய்ய முடியாது என்ற வரி வந்தது. அதைத் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்தேன்.

"இன்னொரு தடவ வாசிங்க."

இன்னொரு முறை வாசித்தேன்.

சாமுவேல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நம்ம ஜெயிச்சிட்டோம் எஸ்தர், வீடு நிக்குது" என்றார்.

"ம்ம். வீடு நிக்குது" என்று எஸ்தர் அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் அழவில்லை.

"அக்கா, இத்தனை நாளா நான் கடைக்கு லீவு போட்டிருக்கேன்னுதான் நினைச்சிக்கிட்டு இருந்தேன்."

நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாமுவேல் எழுந்து தண்ணீர் கொதிக்க வைக்கப் போனார். எஸ்தர் கண்களை மூடித் தூங்கிப் போகும் வரைக்கும் அங்கேயே இருந்தேன்.